சாலைக்கு நடந்து வந்த கல்லூரி

வினோலியா தொலைக்காட்சியில் தன் கல்லூரியின் பெயரை முதன்முதலாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை மாலை, அந்தக் கல்லூரி இருந்த இடத்தைவிட்டு எழுந்து சிவகாசி சாலையை நோக்கி அரைக் கிலோமீட்டர் நடந்தது. நடந்தது என்றுதான் எம். புதுப்பட்டி வட்டாரத்தில் சொல்கிறார்கள். நகர்ந்தது, சறுக்கியது என்றெல்லாம் பிறகு எழுதிய பத்திரிகைக்காரர்கள் யாரும் அன்றைக்கு அங்கே இல்லை. வளாகத்தில் இருந்த ஒரே ஆள் காவலாளி பலவேசம். அவரும் அந்த நேரம் பார்த்துக் கண்மாயில் குளிக்கப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் வேப்பமரம் இருக்கிறது, மரத்தில் கட்டிய கொடியில் அவருடைய கைலி காய்கிறது, கல்லூரியைக் காணோம். மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் இப்படி ஒரே சாயங்காலத்தில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவர் நினைக்கவில்லை. கைலியை மாற்றிக்கொண்டு கிழக்கே பார்த்தார். கருவேல மரங்களுக்கு மேலே, மாடியும் தண்ணீர்த் தொட்டியும் சிலுவையுமாகக் கல்லூரி நின்றுகொண்டிருந்தது. தொட்டியில் ஒரு சொட்டு சிந்தவில்லை, ஒரு கண்ணாடி கீறவில்லை, முதல்வர் அறைக் கடிகாரம் சரியான நேரம் காட்டியது. பலவேசம் நிம்மதியாகப் போய் வராந்தாக் கம்பியைப் பிடித்தார். கம்பி அவரைத் தூக்கி எறிந்தது. மின்கம்பி அறுந்து கிடக்கிற கட்டடத்தில் ஷாக் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. அவருடைய தலைமயிர் குத்திட்டு நின்றது, புதன்கிழமை வரைக்கும் படியவில்லை.

அது வேதமாணிக்கம் கலை அறிவியல் கல்லூரி. வேதமாணிக்கம் என்பவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். படிப்புக்கு அமைதி முக்கியம் என்று நம்பியவர். அதனால் புதுப்பட்டி விலக்கில் பஸ்ஸைவிட்டு இறங்கி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டிய கருவேலங்காட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டினார். படிக்க ஆசை உள்ளவன் நடந்து வருவான் என்பது அவர் கணக்கு. கொஞ்ச காலம் நடந்தும் வந்தார்கள். பிறகு நாலுவழிச் சாலையோரம் வேறு கல்லூரிகள் முளைத்தன. வாசலில் நீரூற்று, ஊர் ஊராக வந்து அள்ளிக்கொண்டு போகிற மஞ்சள் பஸ், கேன்டீனில் பப்ஸ். கருவேலங்காட்டு அமைதி இன்னும் அதிகமாகிக்கொண்டே போய், கடைசியில் மூன்று வருடமும் சேர்த்து ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடுகிற அளவுக்குத்தான் மாணவர்கள் மிஞ்சினார்கள். இந்த ஜூன் மாதச் சேர்க்கை முடிவதற்குள் புதிதாக நூறு பேர் சேராவிட்டால் மூடிவிடுவது என்று அறக்கட்டளை தீர்மானம் போட்டது. இடத்தை வாங்கிக்கொள்ள ஒரு பட்டாசுக் கம்பெனி தயாராக இருந்தது. மனித நடமாட்டமே இல்லாத இடம், வெடிமருந்துக் கிடங்குக்கு இதைவிட எங்கே கிடைக்கும் என்று அவர்கள் மனதாரப் பாராட்டினார்கள்.

முதல்வர் ஞானதீபம் மேடம் அந்தத் தீர்மானத்தைப் படித்துவிட்டு, அதில் இருந்த இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். முப்பது வருடமாக அங்கே வேதியியல் நடத்துகிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரியை மூடினால் அவருக்குப் போக ஒரு வீடு இருந்தது, விடிந்து எழுந்தால் செய்ய ஒரு வேலை இருக்காது. அவர் சிரித்துப் பார்த்தவர்கள் அந்த வட்டாரத்தில் கிடையாது. அவரை வைத்து யாராவது சிரித்தார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கு அவர் சாப்பிடமாட்டார். ஒரு பட்டாசு ஆலையில் என்னென்ன கட்டுப்பாடு உண்டோ அத்தனையையும் அவர் கல்லூரியில் வைத்திருந்தார். செருப்பை வெளியே விட வேண்டும். நைலான் துணி கூடாது, பருத்திதான். ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் பூமிக்குப் போவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். வெடிமருந்து அறைக்குள் போகிற தொழிலாளிக்கு இதெல்லாம் உயிர் காரியம். ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிற பையனுக்கு எதற்கு என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வரவில்லை. வகுப்பில் சத்தம் எழுந்தால் மேடம் விரலை உதட்டில் வைத்து, “ஏ பிள்ளைகளா, மெதுவாப் பேசுங்க. மருந்து கேட்டுக்கிட்டிருக்கு” என்பார். அந்தக் கல்லூரியில் மருந்து என்று இருந்தது ஆய்வகத்தில் கட்டி தட்டிப்போன கொஞ்சம் கந்தகம் மட்டும்தான்.

வினோலியா அங்கே வேதியியல் படித்தவள். அம்மா சிவகாசியில் தீக்காய வார்டில் நர்ஸ். பெண்ணுக்கு மார்க் சுமாராகத்தான் வந்தது, ஆனால் ஒரு தடவை கேட்ட குரலை அவள் தொண்டை மறக்காது. இரண்டாம் வருடத்தில் ஒரு மதியம், துண்டைச் சேலை மாதிரி போட்டுக்கொண்டு ஞானதீபம் மேடத்தைச் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பே உருண்டு சிரித்தது, திடீரென்று நின்றது. வாசலில் மேடம் நின்றிருந்தார். ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். அம்மா வந்து கெஞ்சியும் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. பட்டம் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போன வினோலியா, அதன்பிறகு கல்லூரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

சென்னையில் ஒரு சேனல் நடத்திய சிரிப்புப் போட்டியில் அவளுக்கு இடம் கிடைத்தது. மற்றவர்கள் எல்லாரும் நடிகர்களையும் தலைவர்களையும் செய்தார்கள். வினோலியாவுக்கு நன்றாகத் தெரிந்த பெரிய மனுஷி ஒரே ஒருத்திதான். செருப்பு, தகடு எல்லாம் சென்னைக்காரர்களுக்குப் புரியாது என்று அதை விட்டுவிட்டு, மேடத்தின் குரலையும் நடையையும் விரலையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். மருந்து கேட்டுக்கிட்டிருக்கு என்று அவள் சொன்னதும் அரங்கம் அதிர்ந்தது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எந்தக் காலேஜ்மா இது என்று கேட்டார். அவள் பெயரைச் சொன்னாள். பலவேசத்தின் தலைமயிர் எழுந்து நின்றது அந்த மாலையில்தான்.

அடுத்த வாரம் கல்லூரி ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நடந்தது. அதற்கடுத்த வாரம் வினோலியாவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் இரண்டு வயல் மட்டும் தாண்டியது. போகிற வழியில் ஒருவருடைய சோளத்தின் ஊடாகவே போனது. ஒரு தட்டைகூட முறியவில்லை. மனம் ஒப்பாமல் கிராம நிர்வாக அலுவலர் வந்து அளந்தார், பட்டாவில் எந்தச் சர்வே எண்ணைப் போடுவது என்று தாலுகா ஆபீசைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விட்டுவிட்டு மற்ற நாள் எங்கே நிற்கிறதோ அந்த எண்ணைப் போடு என்று பதில் வந்தது. மக்களுக்கு இந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. ஞாயிறு சாயங்காலம் ஆறரை மணி ஆனால் பாதிப் பேர் டிவி முன்னாலும் பாதிப் பேர் கண்மாய்க்கரையிலும் இருந்தார்கள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதும் கரையில் இருப்பவர்கள் எழுந்து நின்றார்கள். சுண்டல் வந்தது, பஞ்சுமிட்டாய் வந்தது. காரியாபட்டியிலிருந்து ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்தது. வந்தவர்கள் சும்மா போகவில்லை. டிவியில் வந்த பிள்ளை படித்த காலேஜ், நம்ம பிள்ளையும் இங்கேயே படிக்கட்டும் என்று விண்ணப்பம் வாங்கிக்கொண்டு போனார்கள். போன வருடம் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டும் கிடைக்காத மாணவர்கள், இந்த வருடம் அச்சங்குளத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். ஆசிரியர்களுக்கு மேகத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது. காலையில் வேலைக்கு வரும்போது கல்லூரி இன்றைக்கு எங்கே நிற்கிறதோ என்று தேடிக்கொண்டு வருவதில் அவர்களுக்கு அலுப்பே தட்டவில்லை.

ஞானதீபம் மேடத்திடம் மட்டும் காரணத்தை யாரும் சொல்லவில்லை. அவர் வீட்டில் டிவி கிடையாது. பூமிக்கடியில் ஏதோ மாற்றம் என்று புவியியல்காரர் சொன்னதை அவர் நம்பாமலும் மறுக்காமலும் இருந்தார். ஆனால் விண்ணப்பம் வாங்க வந்த பெண்கள் அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு நாள் தமிழ்த்துறை காலேப் சாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் கைப்பேசியிலேயே அந்த நிகழ்ச்சியைப் பார்த்தார். முதலிலிருந்து கடைசி வரை முகம் மாறாமல் பார்த்தார். அன்றைக்கு அவர் சாப்பாட்டு டப்பா திறக்கப்படவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது காலேப் சாரிடம், “அந்தப் பிள்ள பேரை மட்டும் சொன்னா காலேஜ் எம்புட்டு தூரம் போகுது, என்னையச் செஞ்சா எம்புட்டு தூரம் போகுது?” என்று கேட்டார். பேரை மட்டும் சொன்னால் வரப்பளவு, உங்களைச் செய்தால் கிலோமீட்டர் என்று அவர் தலைகுனிந்து சொன்னார். மேடம் குடையை எடுத்துக்கொண்டார். “அப்பச் செய்யட்டும்” என்றார். வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனால் மறுநாள் டப்பா காலியாகத் திரும்பிப் போனது.

அறக்கட்டளைச் செயலாளர் ஜெயசுந்தருக்கு வலி எதுவும் இல்லை, சந்தோஷம் மட்டும்தான். சந்தோஷம் வந்தால் நம் பக்கத்தில் முதலில் செய்கிற காரியத்தை அவரும் செய்தார், ஃபிளெக்ஸ் அடித்தார். சிவகாசியில் அச்சகத்துக்கா பஞ்சம்? கல்லூரியின் நாலு பக்கமும் மொட்டை மாடியிலிருந்து தரை வரைக்கும் வினோலியா சிரித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் கைகூப்பியபடி ஜெயசுந்தர். டிவியில் வந்த கல்லூரியில் இன்னும் பட்டாசு ஆலை மாதிரி தகடும் செருப்பு விதியும் இருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று சொல்லி, வாசலில் இருந்த செம்புத் தகடுகளை எல்லாம் பெயர்த்து எடுக்கச் சொன்னார். மேடம் எதிர்த்துப் பார்த்தார், கேட்பாரில்லை. அதற்கடுத்த நடைக்குப் பிறகு கல்லூரியைத் தொட முடியவில்லை. அத்தனை தூரம் பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு காய்ந்த காட்டுக்குள் உரசி வந்த கட்டடம், தொட்டவரையெல்லாம் அடித்தது. கதவுக் கைப்பிடியில் பொறி பறந்தது, கரும்பலகையில் எழுதினால் சாக்பீஸ் படபடத்தது. மாணவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று ஷாக் வாங்கினார்கள். இரண்டு நாளில் தானாகக் குறைந்துவிடுகிறது என்று ஜெயசுந்தர் சமாதானம் சொன்னார்.

அப்படியே இன்னும் சில வாரம் கழித்து, ஜூன் மாதம் பாதியில், கல்லூரி காதர் பாட்சாவின் பட்டாசு ஆலைக்குப் பின்பக்கம் வந்து நின்றது. கல்லூரிக்கும் சாலைக்கும் நடுவே இப்போது அந்த ஆலை ஒன்றுதான். நில அளவையர் நூல் பிடித்துக் காட்டினார். இதுவரை வந்த பாதை ஒரே நேர்கோடு, அந்தக் கோடு ஆலையின் நட்டநடுவே, மருந்து அறைகளின் ஊடாகப் போய்த்தான் சாலையைத் தொடுகிறது. அடுத்த ஞாயிறு இறுதிச் சுற்று, நேரலை. அதற்கு மறுநாள் சேர்க்கை முடிகிறது. விண்ணப்பம் வாங்கியவர்கள் ஏராளம், பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் இன்னும் நூறைத் தொடவில்லை. காரணம் எளிமையானது. ஆலையைச் சுற்றிக்கொண்டு முள்ளுக்காட்டு வழியாகப் பெண்பிள்ளைகளை அனுப்ப யாருக்கும் மனசில்லை. அது ரோட்டுக்கு வரட்டும், வந்ததும் சேர்க்கிறோம் என்றார்கள். ரோட்டுக்கு வராவிட்டால் கல்லூரி இல்லை. வந்தால், பொறி பறக்கிற ஒரு கட்டடம், தீபாவளி லோடு முழுக்க அடுக்கி வைத்திருக்கிற ஆலைக்குள் நுழையும்.

காதர் பாட்சா நேரிலேயே வந்தார். கோபப்படவில்லை. வராந்தாவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, தகடு இருந்த இடத்தைத் தடவிப் பார்த்து, இல்லை என்றதும் முகம் வெளுத்து நின்றார். அவருக்குப் பின்னால் ஆலையில் வேலை பார்க்கிற பெண்கள் வந்திருந்தார்கள். சுப்புத்தாய்தான் பேசினாள். அவளுடைய மகள் முத்துமாரி அந்தக் கல்லூரியில் இடம் கேட்டு விண்ணப்பித்திருந்தாள். “மேடம், காலேஜ் ரோட்டுக்கு வரணும்னு உங்களுக்கு மேல எனக்கு ஆசை. ஆனா ஆலை போச்சுன்னா அந்தப் பிள்ளைய எதை வச்சுப் படிக்க வைப்பேன்? ரெண்டும் வேணும். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்” என்றாள். வழி தெரியாது என்று ஞானதீபம் மேடம் உள்ளதைச் சொன்னார். அன்று சாயங்காலமே வினோலியாவுக்குப் போன் செய்தார்.

வினோலியா அந்தக் குரலைக் கேட்டதும் சென்னையில் உட்கார்ந்திருந்த இடத்திலேயே எழுந்து நேராக நின்றாள் என்று அவளே பின்னால் சொல்லியிருக்கிறாள். திட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். மேடம் அதை நிறுத்திவிட்டு, ஆலை, நேர்கோடு, பொறி எல்லாவற்றையும் பாடம் நடத்துவது போல வரிசையாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை என்னைச் செய்ய வேண்டாம் என்றார்.

“அப்ப நான் தோத்துருவேன் மேடம்” என்றாள் வினோலியா. “தோக்கிறது பெரிசில்ல. காலேஜையும் மூடிருவாங்கள்ல?”

மேடம் வாசலைப் பார்த்தார். தகடு இருந்த இடத்தில் சிமென்ட் பூசிய சதுரம் தெரிந்தது. முப்பது வருடமாக ஒரு நாள் தவறாமல் அந்தத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனவர் அவர். அவருடைய அம்மா வெள்ளைச் சங்கு போட்ட ஒரு நைலான் சேலையைக் கிறிஸ்துமஸுக்கு வாங்கி, ஆசைக்கு ஒரு நாள் அதைக் கட்டிக்கொண்டு பட்டாசு ஆலை வேலைக்குப் போனவள். திரும்பி வரவில்லை. அப்போது ஞானதீபத்துக்கு ஒன்பது வயது. இதை அவர் எந்த மாணவரிடமும் சொன்னதில்லை.

“ஏ பிள்ள, நீ என்னையப் பாதிதான் செய்யிற” என்றார். “செருப்பை விடுறதில்ல, தகட்டைத் தொடுறதில்ல. நீ எப்படிச் செய்யிறியோ அப்படித்தான் காலேஜும் நடந்து வருது. முழுசாச் செய்யி. ஒண்ணு விடாமச் செய்யி. நான் தகட்டை எடுத்துக்கிட்டு வாரேன்.”

சனிக்கிழமை விருதுநகரில் ரயில் ஏறும்போது அவர் பையில் இரண்டு பருத்திச் சேலையும், ஜெயசுந்தரின் அறையிலிருந்து கேட்காமலே எடுத்து வந்த ஒரு செம்புத் தகடும் இருந்தன. போவதற்கு முன் காதர் பாட்சாவிடம், ஞாயிறு விடுமுறைதான் என்றாலும் ஆலைக்குள் ஓர் ஈ காக்கை இருக்கக் கூடாது, கேட்டை மட்டும் விரியத் திறந்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பூட்டிய கேட்டைப் பார்த்தால் கல்லூரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னார். உங்க பேச்சை நம்பி ஒரு சீசனையே விடுறேன் டீச்சரம்மா என்றார் காதர் பாட்சா. சொல்லிவிட்டு அவரே போய்ப் பின்பக்கக் கேட்டையும் முன்பக்கக் கேட்டையும் திறந்து கல் வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரையில் நிற்க இடமில்லை. தீயணைப்பு வண்டி தூரத்தில் நின்றது. ஒரு டிவிக் கடைக்காரர் பெரிய திரை ஒன்றைக் கரையிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். அங்கே சென்னையில் வினோலியா மேடை ஏறினாள். முன்வரிசையில் ஞானதீபம் மேடம் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். வினோலியா குடையை விரித்த விதத்திலேயே அரங்கம் சிரிக்கத் தொடங்கியது. அவள் நடந்தாள், விரலை உதட்டில் வைத்தாள், மருந்து கேட்டுக்கிட்டிருக்கு என்றாள். சிரிப்பு வெடித்தது. இங்கே கல்லூரி ஒரு பெருமூச்சு விட்டது போலத் தரையைவிட்டு எழுந்தது. நாலு பக்கமும் வினோலியா சிரிக்க, பொறிகள் ஜன்னல் கம்பிகளில் ஓட, அது ஆலையின் பின்பக்கக் கேட்டை நோக்கி வந்தது. காதர் பாட்சா கண்ணை மூடிக்கொண்டு ஓதினார். சுப்புத்தாய் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது திரையில் வினோலியா நின்றாள். குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மேலே போட்டிருந்த பளபளப்பான நைலான் துப்பட்டாவை எடுத்து மடித்து அதன் பக்கத்தில் வைத்தாள். அரங்கம் இதற்கும் சிரித்தது. மேடையில் நிறுத்தியிருந்த கட்டையில் பதித்த செம்புத் தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே நின்றாள். சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. நடுவர் எதற்கு இது என்று கேட்டார். வினோலியா மேடத்தின் குரலிலேயே, ஆனால் வேடிக்கை இல்லாமல், “எங்க ஊர்ல ஒரு நைலான் சேலை போதும் சார், ஒரு வீடு இல்லாமப் போறதுக்கு” என்றாள். மேடத்தின் அம்மாவைப் பற்றி அவளுக்குத் தெரியாது. தீக்காய வார்டில் வேலை பார்த்த தன் அம்மா சாப்பாட்டு நேரத்தில் சொன்னவை மட்டும்தான் அவளுக்குத் தெரியும், அதுவே போதுமானதாக இருந்தது. பிறகு கையை எடுத்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்வது போல ஒரு பாவனை செய்து, மருந்து அறைகளுக்கு நடுவே நடக்கிற நடையை, எதையும் இடிக்காத, எதையும் உரசாத அந்த நடையை மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து காட்டினாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

எம். புதுப்பட்டியில் நடந்தது இதுதான். கேட்டருகே வந்ததும் கல்லூரி நின்றது. தன் வாசற்படிகள் மூன்றையும் கழற்றிக் கேட்டுக்கு வெளியே ஓரமாக வைத்தது. ஃபிளெக்ஸ் பேனர்கள் நாலும் கயிறு அவிழ்ந்து நழுவி விழுந்தன. ஜெயசுந்தர் கைகூப்பியபடியே மண்ணில் குப்புறக் கிடந்தார். ஆலைக் கேட்டில் தொழிலாளிகள் தொடுவதற்காக நட்டிருக்கிற செம்புத் தகட்டின் மேல் கல்லூரி தன் முன்தூணைச் சாய்த்துச் சற்று நேரம் வைத்திருந்தது. ஜன்னல் கம்பிகளில் ஓடிக்கொண்டிருந்த பொறிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அதன்பிறகுதான் உள்ளே போனது. இரண்டடுக்கு மாடி, தண்ணீர்த் தொட்டி, சிலுவை, ஆய்வகம், எல்லாமாக அது மருந்து அறைகளுக்கு நடுவே ஒடுங்கிப் பக்கவாட்டாக நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் முந்நூறு பேராவது இருப்பார்கள். ஓர் அறையின் ஓடுகூட அசையவில்லை. காய வைத்திருந்த சரவெடித் திரி ஒன்றுகூடப் புரளவில்லை. முன்பக்கக் கேட்டைத் தாண்டி, சாலையையும் தாண்டி, எதிரே இருந்த புறம்போக்கில் போய் நின்று, சாலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. முதலில் சுப்புத்தாய்தான் விசில் அடித்தாள் என்கிறார்கள். அதற்குப் பிறகு எழுந்த சத்தம் சிவகாசி வரைக்கும் கேட்டது. காதர் பாட்சா தன் சொந்தச் செலவில் ஆயிரம் வாலா கொளுத்தினார், கல்லூரியைவிட்டுத் தள்ளிப்போய்த்தான் கொளுத்தினார்.

வினோலியாவுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு சேலத்துப் பையன் ஒருவனுக்குப் போனது, நன்றாகத்தான் செய்தான். மறுநாள் காலை வந்து அளந்த அதிகாரிகள், ஆலைக்கும் கல்லூரிக்கும் சட்டப்படி இருக்க வேண்டிய இடைவெளி இருப்பதாகவும், நாலு விரற்கடை மிச்சம் என்றும் எழுதிக் கொடுத்தார்கள்.

ஞானதீபம் மேடம் காலை ரயிலில் விருதுநகர் வந்து, பஸ் மாறி, வழக்கம்போலப் புதுப்பட்டி விலக்குக்கு டிக்கெட் கேட்டார். கண்டக்டர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, டிவியில் பார்த்த முகம் என்று சிரித்து, காலேஜ் ஸ்டாப்புக்கே தருகிறேன் மேடம் என்றார். மேடம் இறங்கினால் எதிரே கல்லூரி. சேர்க்கைக்கு வந்தவர்கள் சாலையின் இரு பக்கமும் நின்றார்கள். படிகள் ஆலையின் பின்பக்கம் கிடந்ததால் வாசல் இடுப்பு உயரத்தில் இருந்தது. இளவட்டங்கள் தாவி ஏறினார்கள். மேடம் ஒரு காலை வைத்துப் பார்த்தார், இன்னொரு காலை வைத்துப் பார்த்தார், முடியவில்லை. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து சுப்புத்தாய் வந்து, கேட்காமல் கொள்ளாமல், இடுப்பைப் பிடித்து ஒரு வெடிப்பெட்டியைத் தூக்குகிற லாகவத்தில் தூக்கி மேலே வைத்தாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மேடமும் சிரித்தார். முப்பது வருடத்தில் அதை முதன்முதலாகப் பார்த்த காலேப் சார், அவருக்கு ஒரு பல் லேசாகக் கோணல் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார்.

மேலே நின்று சேலையைச் சரிசெய்துகொண்ட மேடம், வரிசையில் நிற்கிற முத்துமாரியைக் கூப்பிட்டார். பிறகு கீழே நிற்கிற சுப்புத்தாயைப் பார்த்து, நீ எதுவரைக்கும் படித்திருக்கிறாய் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

“பிளஸ் டூ பாஸ் மேடம். நல்ல மார்க்குதான்.”

“பிறகு ஏன் படிக்கல?”

“அப்ப காலேஜ் தூரமா இருந்துச்சு” என்றாள் சுப்புத்தாய்.

மேடம் விளிம்பில் மண்டியிட்டு உட்கார்ந்து, கீழே கையை நீட்டினார். சுப்புத்தாய் அந்தக் கையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், எதிரே ஆலைக் கேட்டருகே நின்ற காதர் பாட்சாவைப் பார்த்தாள். அவர் சரி என்று தலையை ஆட்டினார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

இப்போது தாயும் மகளும் முதலாமாண்டு வேதியியலில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் சுப்புத்தாய்க்குச் சாலையைக் கடந்தால் வேலை. செம்புத் தகடுகள் எல்லா வாசலிலும் திரும்பப் பதிக்கப்பட்டுவிட்டன. வினோலியா வாரம் ஒரு தடவையாவது ஏதாவது சேனலில் வந்து பெயரைச் சொல்கிறாள். கல்லூரி அசைவதில்லை, மேஜையில் இருக்கிற தண்ணீர் மட்டும் லேசாக நடுங்கும். கல்லூரி நடந்து வந்ததைப் பற்றி எம். புதுப்பட்டியில் இன்றைக்கு யாரும் பேசுவதில்லை. அது நடந்தது, வந்தது, அவ்வளவுதான். முப்பத்தேழு வயதில் சுப்புத்தாய் பையைத் தூக்கிக்கொண்டு காலேஜுக்குப் போகிறாளே, அதைப் பற்றித்தான் பஸ் ஸ்டாப்பில் இன்னும் பேசி முடிந்தபாடில்லை.